பல் டாக்டர் பார்த்த ஸ்பீக்கர்

இடதுபக்க ஸ்பீக்கர் கரகரத்ததும் பல் டாக்டர் முதலில் பாட்டை நிறுத்தவில்லை. மனைவி காதில் விழுந்ததா என்று எட்டிப் பார்த்தார். அவள் குளியலறையில் இருந்தாள். பிழைத்தோம் என்று பெருமூச்சு விட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்தார். இப்போது மெதுவாகக் கரகரத்தது.

ஸ்பீக்கர் அவருடையதாக இருந்தால் இவ்வளவு பதற்றம் தேவையில்லை. அது மாமியாருடையது. மாமியாரின் கல்யாணத்துக்கு அவருடைய அப்பா வாங்கித் தந்த ஜோடி. இடுப்பு உயரத்துக்கு மரப்பெட்டி, முன்பக்கம் பழுப்புத் துணி. அந்த அம்மாளுக்கு நகைநட்டில் பெரிய ஆசை கிடையாது. சாயங்காலம் ரெண்டு பெட்டிக்கும் எதிரே நடுவாக நாற்காலியைப் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தால் போதும். அந்த நேரத்தில் வாசல் மணி அடித்தாலும் மாமனார் பூனை மாதிரி நடந்து போய்த்தான் கதவைத் திறப்பார். பெட்டிகளைத் துடைக்கும் உரிமை மட்டும் மாமனாருக்கு உண்டு. எந்தக் குமிழையும் திருகும் உரிமை கிடையாது.

திடீரென்று வீட்டுக்கு வெள்ளையடிக்க ஏற்பாடாகி, அந்த நாட்களில் இருவரும் மூத்த மகன் வீட்டில் போய்த் தங்குவதென்று முடிவானது. பெட்டிகளை யார் பொறுப்பில் விடுவது? எதிர்வீட்டு டீச்சரிடம் விடலாம் என்றார் மாமியார். மாப்பிள்ளை குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அசலார் எதற்கு என்று மாமனார் ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

இதைக் கேட்டு டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே அவரிடம் வந்து வாயைத் திறந்தது. மாமனாரும் மாமியாரும் மட்டும் பல்வலி என்றால் ரெண்டு தெரு தள்ளி இன்னொரு டாக்டரிடம் போனார்கள். மாமியார் இவர் முன்னால் சிரிக்கும்போதுகூடப் பல் தெரியாமல்தான் சிரிப்பார். சொந்த மாமியாரே நம்பாத டாக்டர் என்ற வெட்கம் கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. இப்போது உயிருக்கு உயிரான பெட்டிகளையே நம்பிக் கொடுக்கிறார்கள் என்றால் சும்மாவா?

"எங்கப்பா உங்ககிட்ட குடையைக்கூட நம்பிக் கொடுக்க மாட்டாரே" என்று மனைவி மட்டும் புருவத்தைச் சுருக்கினாள். பொறாமை என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

மாமனாரே பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கி, ஒயரெல்லாம் மாட்டிக் கொடுத்தார். போகும்போது டாக்டரைத் தனியாக அழைத்து, "தினமும் கொஞ்ச நேரம் பாட விடுங்க மாப்பிள்ளை. சும்மா கிடந்தா இறுகிப்போயிடும். நல்லா சத்தமாவே வைங்க. அத்தை மனசுல இடம் பிடிக்க உங்களுக்கு இதைவிட்டா வேற நேரம் வராது" என்றார். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லா சத்தமாகவே வைத்தார். முதல் பாட்டிலேயே கரகர.

என்ன இருந்தாலும் அவ்வளவு சத்தம் வைத்திருக்கக் கூடாது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். கடைக்குக் கொண்டு போனால் நாலு பேருக்குத் தெரியும். நாலு பேருக்குத் தெரிந்தால் மாமியாருக்குத் தெரியும். காதும் காதும் வைத்த மாதிரி தானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு முன்பக்கத் துணியைக் கழற்றினார்.

உள்ளே கறுப்பாகப் புனல் மாதிரி ஒரு காகிதம். அதன் நடுவில் ஒரு குமிழ். புனலின் விளிம்பைச் சுற்றி நுரைப்பஞ்சு வளையம் ஒன்று. வளையத்தில் ஓரிடத்தில் சின்ன வெடிப்பு தெரிந்தது. ஈறு வீங்கியிருக்கிறதா என்று பார்க்கிற பழக்கத்தில் விரலால் லேசாக அழுத்தினார். வளையம் பழைய ரொட்டி மாதிரி உதிர்ந்து கையோடு வந்தது. பதறிப்போய்க் கையை இழுத்தபோது கட்டைவிரல் நடுக்குமிழில் பட, அது உள்ளே குழிந்துவிட்டது.

டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். விரலெல்லாம் கறுப்புப் பிசின். அந்த நேரம் பார்த்துத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்த மனைவி, என்ன கையில் மை என்று கேட்டாள். பேனா ஒழுகிவிட்டது என்றார். இந்த வயதில் பொண்டாட்டியிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று முகம் சூடேறியது.

மறுநாள் இடதுபக்கப் பெட்டியைப் போர்வையில் சுற்றி கிளினிக்குக்குத் தூக்கிப் போனார். சரியான கருவி இருந்தால் எதையும் சரிசெய்துவிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை. சிகிச்சை நாற்காலியில் பெட்டியைச் சாய்த்து, விளக்கைத் திருப்பி, கையுறை மாட்டிக்கொண்டார்.

நர்ஸ் உள்ளே வந்து பார்த்தாள். பல வருஷமாக அங்கே இருப்பவள், எதற்கும் அசையமாட்டாள். "மயக்க ஊசி எடுத்து வைக்கட்டுமா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

வெளியே வரி ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லும்படி டாக்டர் சொன்னார். தனக்கு முன்னால் உள்ளே போனது யார் என்று குமாஸ்தா கேட்டதும், அதற்கு நர்ஸ் உள்ளதை உள்ளபடியே சொன்னதும் டாக்டரின் காதில் நன்றாக விழுந்தன. கூசிப்போனார். ஆனாலும் விடவில்லை.

குழிந்த குமிழை வெளியே இழுக்க எச்சில் உறிஞ்சும் குழாயை வைத்தார். குமிழ் ஒரு நொடி வெளியே வந்து எட்டிப் பார்த்தது. அடுத்த நொடி கிழிந்து, பாதி குழாய்க்குள் போய் அடைத்துக்கொண்டது. சரி, விழுந்த பல்லுக்குச் செயற்கைப் பல் கட்டுகிறவனுக்கு ஒரு குமிழ் கட்டத் தெரியாதா என்று, பல்லுக்கு அச்சு எடுக்கிற மாவைக் குழைத்து அழகாக ஒரு குமிழ் செய்தார். உதிர்ந்துபோன வளையத்துக்குப் பதிலாக, புனலைச் சுற்றிலும் பல்சிமெண்ட்டை வழித்து வழித்துப் பூசினார். ஒரு மயிரிழை இடைவெளி விடவில்லை. சிமெண்ட் இறுகுவதற்குள் குமாஸ்தாவை உள்ளே கூப்பிட்டுப் பல்லைப் பிடுங்கி அனுப்பினார். கை அங்கே இருந்தாலும் கண் பெட்டி மேலேயேதான் இருந்தது.

பிறகு புனலைத் தட்டிப் பார்த்தார். கல் மாதிரி நின்றது. இத்தனை நாள் தொழிலில் இவ்வளவு கச்சிதமாக எதையும் கட்டியதில்லை என்று அவருக்கே பெருமையாக இருந்தது.

வீட்டில் கொண்டுவந்து மாட்டிப் பாட்டை வைத்தார். கரகரப்பு அடியோடு போயிருந்தது. பாட்டும் போயிருந்தது.

ஆடுகிற பல்லை ஆடாமல் நிறுத்தியே பழகின கை. ஸ்பீக்கர் ஆடினால்தான் பாடும் என்பது அப்போதுதான் புத்தியில் உறைத்தது. சிமெண்ட்டைச் சுரண்டப் போய்ப் புனலும் கிழிந்தது. தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். அடுத்தவர் பொருளை வாங்கி வைத்துக்கொண்டு இப்படிக் குட்டிச்சுவர் ஆக்குவானா ஒருவன்? அத்தை முகத்தில் இனி எப்படி விழிப்பது?

ஊரிலிருந்து வந்துவிட்டோம், சாயங்காலம் பெட்டிகளைக் கொண்டுவந்து விடுங்கள் என்று மாமியாரே போன் செய்தார். குரலில் அத்தனை ஆசை. உண்மையைச் சொல்ல டாக்டர் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து, "பத்திரமா இருக்கு அத்தை" என்பதுதான் வந்தது.

அந்தப் பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய் தேவைப்பட்டது. கிளினிக்கில் காத்திருப்பவர்களுக்குப் பாட்டு போட, செல்போனோடு ஒயர் இல்லாமல் இணைகிற குட்டி ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. அதை இடதுபக்கப் பெட்டிக்குள் வைத்து, முன்னால் துணியை மாட்டினார். பார்த்தால் யாருக்கும் தெரியாது. அத்தை அங்கே இசைத்தட்டைப் போட்டதும் அதே பாட்டை இங்கே செல்போனில் போட்டுவிட்டால் தீர்ந்தது. இன்று ஒரு நாள் மானம் தப்பட்டும், பிறகு எதையாவது செய்துகொள்ளலாம்.

புது வெள்ளை வாசம் அடிக்கிற கூடத்தில் மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் மாமனார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மனைவி சோபாவில். டாக்டர் மட்டும் ஜன்னலோரம் செல்போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றார். பாட்டு தொடங்கியது. டாக்டரும் தொடங்கினார். வலதுபக்கம் பாடியதை இடதுபக்கம் ஒரு வார்த்தை பின்னாலேயே வந்து ஒப்பித்தது.

மாமியார் கண்ணைத் திறக்காமலே தலையைச் சாய்த்துக் கேட்டார். "வெள்ளையடிச்சதுல கூடம் எதிரொலிக்குதோ?" என்றார். ஆமாம் ஆமாம், சுவர் புதுசு என்று மாமனார் அவசரமாகச் சொன்னார். இந்த மனுஷனை என்னவோ என்று நினைத்தோமே, எவ்வளவு நல்லவர் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

அப்போது பாட்டு நின்று, இடதுபக்கப் பெட்டிக்குள் மணி அடித்தது. டாக்டர் பதறிப்போய் முதுகுக்குப் பின்னாலேயே செல்போனைத் தடவி எதையோ அழுத்தினார்.

"டாக்டர்," என்றது இடதுபக்கப் பெட்டி. "வலிக்கிற பல்லு அப்படியே இருக்கு. நீங்க பக்கத்துல இருந்த நல்ல பல்லைப் பிடுங்கிட்டீங்க போலிருக்கே."

மாமியார் கண்ணைத் திறந்தார்.

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? டாக்டர் தானே போய்த் துணியைக் கழற்றிக் காட்டினார். சிமெண்ட்டையும், மாவுக் குமிழையும், கிழிந்த புனலையும், அதன் பின்னால் பதுங்கியிருந்த குட்டி ஸ்பீக்கரையும் எல்லோரும் பார்த்தார்கள். பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று இருந்தது அவருக்கு. "நான்தான் கெடுத்தேன் அத்தை. மறைக்கப் பார்த்தேன். என்னை மன்னிச்சிடுங்க" என்றார்.

மாமியார் திட்டியிருந்தால்கூடத் தேவலை. எழுந்து வந்து கிழிந்த புனலை ஒரு தடவை பார்த்தார். "எங்கப்பா வாங்கித் தந்தது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மனைவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆறுதல் சொன்னது மாமனார் ஒருவர்தான். அவர் டாக்டரின் தோளில் கையைப் போட்டார். "போகட்டும் விடுங்க மாப்பிள்ளை. வேணும்னா செஞ்சீங்க? நான் அத்தையைச் சமாதானப்படுத்திக்கறேன்" என்றார். பெற்ற அப்பா இப்படிப் பேசுவாரா? இவரைப் போய்க் கல்நெஞ்சக்காரர் என்று நண்பர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தபோது, ஏற்கெனவே இருந்த வெட்கத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

வேறு யாரும் இதைத் தொட வேண்டாம், தலை எழுத்து என்று விட்டுவிடலாம் என்று மாமனார் எவ்வளவோ தடுத்தார். டாக்டர் கேட்கவில்லை. இவ்வளவு நல்ல மனுஷனுக்காகவாவது இதைச் சரிசெய்து கொடுத்தே தீருவது என்று சபதம் போட்டுக்கொண்டு, மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். பழைய ரேடியோவும் ஸ்பீக்கரும் பார்க்கிற கடை அங்கே ஒன்றே ஒன்றுதான். நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும், இனிமேல் போவதற்கு மானம் என்று என்ன மிச்சம்?

ரிப்பேர்காரர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். போர்வையை விலக்கியதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். துணியைக் கழற்றியதும் சிமெண்ட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். யார் செய்த வேலை இது என்று கேட்டார்.

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார். மாமியார் வீட்டுப் பொருள் என்றார். நம்பிக் கொடுத்தார்கள், முதல் நாளே சத்தமாக வைத்துக் கெடுத்துவிட்டேன், மாமனார் தெய்வம் மாதிரி மன்னித்துவிட்டார், அதைத்தான் தாங்க முடியவில்லை என்றார்.

ரிப்பேர்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அடப்பாவமே, அந்த மாப்பிள்ளை நீங்கதானா? வீட்டுக்காரம்மா இல்லாத நேரம் பார்த்து சத்தத்தை முழுசா திருகி வச்சு, உள்ள இருக்கிற கம்பிச்சுருளைக் கருக்கிட்டு வந்து, பெரியவர் இதே ஸ்டூல்ல உட்கார்ந்து அழுதாரு சார். மனசு கேக்காம நான்தான், 'வீட்டுக்கு வெள்ளையடிக்கிறேன்னு சொல்லி, இதைக் கொண்டுபோய் மாப்பிள்ளை தலையில கட்டிடுங்க'ன்னு யோசனை சொன்னேன்."