ஒன்பதாவது குரல்

மூன்றாம் தரமும் கசெற்றைப் பின்னுக்கு ஓட்டிக் கேட்டாள் கலாவதி. அந்தக் குரல் அங்கேயேதான் இருந்தது.

"பிள்ளையின்ரை பள்ளிக்கூடக் கூட்டத்திலை நீங்கள் ஏன் கதைக்கிறதில்லை?" என்று அவள் கேட்கிறாள். பேட்டி கொடுக்கும் நவரத்தினம் தொண்டையைச் செருமுகிறார். பிறகு அமைதி. அந்த அமைதிக்குள்ளிருந்து, வெறும் மூச்சுப் போல ஒரு கிசுகிசுப்பு: "பயம்..."

"பயம்தான், தங்கச்சி," என்கிறார் நவரத்தினம்.

அன்றைக்கு அந்த அறையில் இருந்தது அவர்கள் இரண்டு பேர் மட்டும்.

லண்டனில், தோர்ண்டன் ஹீத் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியில், ஆங்கிலம் தெரியாமல் வந்து சேரும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவுவது கலாவதியின் வேலை. நாற்பத்திரண்டு வயதில் முதுகலை படிக்கவும் துணிந்திருந்தாள். கல்வியில் பண்பாடு, அதிகாரம், பன்மைத்துவம் என்பது படிப்பின் பெயர். பள்ளிக்கூடங்களில் தமிழ்ப் பெற்றோரின் குரல் ஏன் கேட்பதில்லை என்பது அவளுடைய ஆய்வு. எட்டுப் பெற்றோரைப் பேட்டி எடுத்து ஈஸ்டருக்கு முன் எழுதிக் கொடுக்காவிட்டால் இரண்டு வருடப் பாடும் வீண்.

கணவன் வாமதேவனும் கேட்டுப் பார்த்தான்.

"பழைய கசெற். முந்திப் பதிஞ்சது அழியேல்லைப் போலை. டிஜிட்டல் ஒண்டு வாங்குமன்."

வாங்கினாள். நவரத்தினத்திடமே திரும்பப் போய்ப் பதிந்து வந்தாள். புதுக் கருவி நல்ல கருவி. கிசுகிசுப்பு வாய் திறப்பதற்கு முன் மூச்சை உள்ளே இழுப்பதுகூட இப்போது கேட்டது.

வாமதேவன் ஹெட்போனைச் சூடு பட்டவன் போலக் கழற்றினான். "அந்தாளின்ரை வீட்டிலை ஏதோ கிடக்கு. இனி ஒருத்தற்றை வீட்டையும் போகாதையும்."

நூலகத்தில் ஒரு சின்ன அறை எடுத்தாள். நாலு மணிக்கே யன்னலுக்கு வெளியே இருட்டிவிடும் டிசம்பர் மாதம். மூன்று நாள், மூன்று பெற்றோர். மூன்றிலும் கேள்வி, அமைதி, பிறகு அது.

"எங்களை மதிக்கிறதில்லை..."

"ஓம் ஓம், மதிக்கிறதில்லை."

கலாவதியின் பிடரி மயிர் சிலிர்த்தது. அது நவரத்தினத்தின் வீட்டில் இல்லை. அவளுக்குப் பின்னாலேயே வருகிறது.

விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்கு ஓடினாள். கருவிக்கு அள்ளி விபூதி பூசினாள். இரண்டு பக்கத்திலும் இருந்த மைக் துளைகளில் ஒன்று அடைபட்டுப்போனது. அடைபடாத பக்கம் தன்னைப் பார்க்கும்படி வைத்து மிச்சப் பேட்டிகளை முடித்தாள். வீட்டுக்கு வந்து போட்டால், பெற்றோரின் குரல்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டன. அது மட்டும் காதோடு காதாகச் சொன்னது: "அதிகாரம் அவையளிட்டைத்தான்..."

"உதுக்கு உம்மடை ஆராய்ச்சி நல்லாய்ப் பிடிபட்டிருக்கு," என்றான் வாமதேவன். அவன் இப்போதெல்லாம் வாசலில் நின்றுதான் கேட்பான்.

மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுத்தில் இறக்கி, அந்தக் குரலுக்கு 'அடையாளம் தெரியாதவர்' என்று பெயர் போட்டுப் பேராசிரியைக்கு அனுப்பினாள். மறுநாளே மின்னஞ்சல் வந்தது.

'ஒன்பதாவது நபர் அபாரம்! உங்கள் கோட்பாட்டை இவ்வளவு துல்லியமாக வேறு யாருமே சொல்லவில்லை. அவரை இன்னும் பேச வையுங்கள். அவருடைய சம்மதப் படிவத்தை மட்டும் காணவில்லை. கையெழுத்து இல்லாமல் ஆய்வை ஏற்க முடியாது.'

பேயிடம் எப்படிக் கையெழுத்து வாங்குவது? அன்றிரவு அவள் கண் மூடவில்லை.

கடைசியாகப் பேட்டி கொடுத்தவள் சட்டன் பகுதியில் இருந்த மெற்றில்டா. முதியோர் இல்லத்தில் துணி தோய்ப்பவள், மூன்று பிள்ளைகளின் தாய், எட்டுப் பேரிலும் வாய் திறக்க மிகவும் கூச்சப்பட்டவள். பட்டப்பகலில் அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள் கலாவதி. படிவத்தையும் பேனாவையும் மேசையில் வைத்தாள். கருவியை முடுக்கினாள்.

"மெற்றில்டா, ஒளிக்காமல் சொல்லுங்கோ. உங்களுக்கும் இது கேக்குதோ? எங்கடை ஆக்களிலை செத்துப்போன ஆருமோ?"

மெற்றில்டா குனிந்து கேட்டாள். இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு கலாவதியின் முகத்தைப் பார்த்து, மனம் நோகக் கூடாதே என்பது போல மெல்லச் சொன்னாள்:

"ரீச்சர், உது நீங்கள்தானே? நவரத்தினம் அண்ணை முந்தியே சொன்னவர், ஒண்டுக்கும் பயப்பிடாதை, விடையை அவவே வாய்க்குள்ளை சொல்லித் தருவா, நீ திருப்பிச் சொன்னால் போதும் எண்டு."