தம் பாயும் பெட்டிக்குள் மாட்டிய பையனும்

திண்டுக்கல்லில் பிரியாணி போடத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் உண்டு. போட்ட பிரியாணி பேசுவதைக் கேட்கத் தெரிந்தவர் தம் பாய் ஒருவர்தான். அவருடைய அசல் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். அண்டாவின் வாயை மாவால் ஒட்டி, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டுவிட்டால், கலெக்டரே வந்தாலும் திறக்கமாட்டார். கடிகாரமும் பார்க்கமாட்டார். அண்டா பக்கம் காதைச் சாய்த்துக் கேட்பார். உள்ளே முணுமுணுப்பு அடங்கினால்தான் திறப்பார்.

அதுவரை அவருக்குப் பொழுது போகாது. பக்கத்து வீட்டுக்காரன் என்ற பாவத்துக்கு நான்தான் அகப்படுவேன். தப்பிக்க வழி தேடி, என் மகளுக்கு வாங்கி அவள் தொடாமல் போட்டிருந்த தடி நாவல் ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். அதிசயச் சக்தி கொண்ட பிள்ளைகள் படிக்கும் ஒரு மலைப் பள்ளிக்கூடத்தின் கதை. பதிமூன்று வயதுக்காரர்களுக்கு என்று அட்டையில் போட்டிருந்தது. பாய்க்கு ஐம்பத்தெட்டு.

மூன்றாம் நாள் கண் சிவக்க வந்தார்.

“தம்பி, இந்தப் புள்ள அழுதா மழை பெய்யுதாம்ல! நம்ம ஊருக்கு இப்படி ஒண்ணு இருந்தா...” சற்று யோசித்தார். “வேணாம். நத்தம் பக்கம் மா பூத்துருக்கு. அம்புட்டும் கொட்டிரும். யாரும் அவள அழ விட்றாதீக.”

கொட்டாவி விட்டே எதிராளியைத் தூங்க வைக்கும் பையன்மேல் அவருக்கு மரியாதை இல்லை. “இதெல்லாம் ஒரு சக்தியா? என் மச்சான் பேச ஆரம்பிச்சா தெருவே தூங்கும்” என்றார். ஆனால் மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கும் ஒரு பையன் வருகிறான். அவன்மேல் உயிரையே வைத்துவிட்டார். அவனுக்கு ஜலதோஷம் பிடித்த அத்தியாயத்தன்று பாய் சுக்குக் காப்பி குடித்தார்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வினை என் அக்கா மகள் கல்யாணத்தில் வந்தது.

கல்யாணத்துக்கு மறுநாள் கறி விருந்து. மாப்பிள்ளை வீட்டார் வத்தலக்குண்டுக்காரர்கள். சாப்பாட்டில் குறை கண்டுபிடிப்பதற்கென்றே பஸ் பிடித்து வருகிறவர்கள். “பாயை நம்பித்தான்டா சம்பந்தி முன்னால தலை நிமிந்து நிக்கிறேன்” என்றாள் அக்கா. பாய் இரண்டு அண்டாவுக்குத் தம் போட்டுவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார்.

பந்தி நேரம் நெருங்கியது. சம்பந்தியம்மாள் சமையற்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்து, “பாய், இன்னும் தெறக்கலையா?” என்றார்.

பாய் தலை நிமிரவில்லை. கண்ணில் நீர். “செத்த இருங்கம்மா. புள்ள இரும்புப் பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்டான். மூச்சு முட்டுது அவனுக்கு.”

அந்த அம்மாள் கண்ணில் புத்தகம் படவில்லை, கண்ணீர்தான் பட்டது. அடுத்த நிமிடம் மண்டபமே அலறியது. பெண்கள் பிள்ளைகளை எண்ணினார்கள். ஓரிடத்தில் நிற்காமல் ஓடுகிற பிள்ளைகள் என்பதால், எண்ணும்போதெல்லாம் ஒரு தலை குறைந்தது. மண்டபத்தில் இருந்த ஒரே இரும்புப் பெட்டி, அக்கா சீராகக் கொடுத்த புத்தம் புது பீரோ. சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பூட்டுக்குப் பேர்போன ஊர், அன்று கடப்பாரையைத் தேடியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த பாய், எந்தப் பிள்ளை என்று புரியாமலே கூட்டத்தை விலக்கி, பீரோவில் காதை வைத்தார்.

“உள்ள யாரும் இல்ல. புள்ள மூச்சு விட்டா எனக்குக் கேக்காதா? வெறும் துணிதான்.”

யார் நம்புவது? மாப்பிள்ளையின் சித்தப்பா கதவை நெம்பித் தள்ளினார். உள்ளே ஆறு பட்டுச்சேலைகள்.

“எந்தப் புள்ளையத்தான்யா சொன்னீரு?” என்றார் சித்தப்பா மூச்சு வாங்க.

பாய் கையிலிருந்த புத்தகத்தைக் காட்டினார். அப்போதுதான் தீய்ந்த வாடை வந்தது.

ஓர் அண்டா அடிபிடித்துவிட்டது. மேலாக வழித்தெடுத்துப் பந்தியை ஒப்பேற்றினோம். சம்பந்தி வீட்டார் பீரோவை அன்றே மறந்துவிட்டார்கள். அடிபிடித்ததை மட்டும் மறக்கவில்லை. அக்கா பாயை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் அவரை உலுக்கிவிட்டது.

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். “இன்னும் நாப்பது பக்கம் இருக்கு. வேணாம் தம்பி. கண்ணு அதுல போனா, காது அண்டாவுல நிக்க மாட்டேங்குது.”

அதன்பிறகு தம் போட்டுவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார். என்னைப் பிடித்து வைத்துப் பேசவும் இல்லை. பெட்டிக்குள் கிடக்கும் பையனை அப்படியே விட்டுவிட்டு வந்தவரின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, பேரனின் காதுகுத்துக்கு அக்கா மறுபடி அவரைத்தான் கூப்பிட்டாள். வத்தலக்குண்டிலிருந்து முணுமுணுப்பு வந்தது, காதிலேயே வாங்கவில்லை. என்னிடம் மட்டும், “ஏலே, நீ வாசிடா. அவரு கேக்கட்டும்” என்றாள்.

அண்டாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பாய் ஒரு காதை அண்டாவுக்கும் ஒரு காதை எனக்கும் கொடுத்தார். பையன் பெட்டியை விட்டு வெளியே வந்து, பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கிற இடத்தில், “நிறுத்துங்க!” என்று கை காட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் மூடியைத் தள்ளினார். சோறு மல்லிகைப் பூவாக உதிர்ந்தது.

துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “ஏன் தம்பி, அந்தப் பள்ளிக்கூடத்துல சேர வயசு கணக்கு ஏதும் உண்டா?”

நான் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, “வயசு கெடையாது. காது நல்லாக் கேட்டாப் போதும்” என்று, அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒரு வரியை வாசித்தேன்.