டென்மார்க் மூளையின் இடது பாதி

ஹரிசங்கர் பாதி மூளையைத் தொலைத்துவிட்டான். நல்லவேளை, அவனுடையது அல்ல; டென்மார்க்கில் யாரோ ஒருவருடையது.

மறைமலைநகரில் அக்கம்பக்கம் எல்லாரும் காருக்கு உதிரிபாகம் செய்துகொண்டிருக்க, அந்த மாடி ஆபீசில் மட்டும் கம்ப்யூட்டரில் மூளை வெட்டினார்கள். வெளிநாட்டு டாக்டர்கள் ஸ்கேனிலிருந்து மூளையின் மேற்பரப்பை மட்டும் உருவமாக்கி, இடது, வலது என்று இரண்டு பாதியாக அனுப்புவார்கள். மடிப்பும் சுருக்கமுமான அதைத் தட்டையாக விரித்துத் தர வேண்டும். பிளாஸ்டிக் பந்தைத் தரையில் விரிக்க அங்கங்கே கத்தரி வைத்தால்தானே முடியும்? அந்தக் கத்தரி வேலைதான் ஹரிக்கு. மவுசால் கோடு போட்டு வெட்டி, வேண்டிய துண்டின் மேல் ஒரு கிளிக் செய்தால் மீதி மறைந்துவிடும்.

அன்று அவன் கிளிக் செய்தது வேண்டாத துண்டின் மேல். திரையில் மசால்வடை அளவுக்கு ஒரு துணுக்கு மிஞ்சியது.

அதோடு விட்டிருந்தால் திரும்ப எடுத்திருக்கலாம். ஆனால் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது; ஆபீஸ் யு.பி.எஸ். பேருக்குத்தான் இருந்தது. எதைச் செய்தாலும் உடனே சேவ் அடிப்பது அங்கே எல்லாருக்கும் கைப்பழக்கம். ஹரி யோசிப்பதற்குள் விரல் அடித்துவிட்டது. இடது பாதி முழுசாக இருந்த இடத்தில் மசால்வடை உட்கார்ந்துகொண்டது.

"என்ன ஹரி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் பக்கத்து சீட் கீர்த்தனா.

"ஒண்ணுமில்ல, வெயில்."

ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

கீர்த்தனா அவன் வெட்டியதைச் சரிபார்த்து ஓகே போடுகிறவள். செங்கல்பட்டிலிருந்து அவனோடு ஒரே ரயிலில் வருகிறவள். வெள்ளிக்கிழமை அவனுக்கு வேலை நிரந்தரமாகும் என்றிருந்தார்கள். அந்தத் தைரியத்தில், சனிக்கிழமை திருவிடந்தைக் கோயிலுக்குப் போகலாமா என்று அவளிடம் கேட்டிருந்தான். கல்யாணமாகாதவர்கள் அந்தக் கோயிலுக்கு எதற்குப் போவார்கள் என்று தெரியாத பெண் செங்கல்பட்டில் கிடையாது. "வர்றேன்" என்று திரையைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

அவள் முன்னால் முட்டாளாக நிற்பதைவிடக் கொளவாய் ஏரியில் குதிக்கலாம் என்று தோன்றியது ஹரிக்கு. டாக்டரிடம் மறுபடி கேட்டால் ஏன் என்பார். மேனேஜர் தேவசகாயத்துக்கும் தெரிந்துபோகும். தொலைந்தது இடது பாதிதானே, வலது பாதி பத்திரமாக இருக்கிறதே என்று நினைத்தான். வலதை எடுத்துக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டான். அருமையான இடது பாதி கிடைத்தது. அதை வெட்டி, விரித்து, கீர்த்தனாவுக்குத் தள்ளிவிட்டான்.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"ஹரி, ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கே?"

"சில பேருக்கு அப்படித்தான் இருக்கும்."

"நான் பாத்ததே இல்ல. ஏதாவது ஆயிடுச்சா? ஆயிருந்தா சொல்லுங்க, பரவாயில்ல."

பரவாயில்லை என்று அவளே சொன்ன அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஹரிக்குக் கோபம்தான் வந்தது. நேராகத் தேவசகாயத்திடம் போய், செக்கிங்கில் வீணாக லேட் ஆகிறது என்று புகார் வைத்தான்.

தேவசகாயம் வந்து நின்றார். "இன்னாம்மா, இன்னிக்கு அனுப்பியாவணும். போட்டு வுடு."

கீர்த்தனா ஹரியைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. சரியா இருக்கா?"

"நூறு பர்சென்ட்."

அவள் ஓகே போட்டாள்.

மறுநாளே டாக்டரிடமிருந்து ஈமெயில் வந்தது. இடமும் வலமும் ஒன்றேயான மூளையை உலகத்தில் யாரும் பார்த்ததில்லையாம். ஆபீசுக்கே பாராட்டு. தேவசகாயம் எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். ஹரி சமோசாவைத் தொடவில்லை, ஏனென்றால் ஈமெயிலின் கடைசி வரியில், அந்த நபரை மறுபடி கூப்பிட்டு ஸ்கேன் எடுக்கப்போவதாக இருந்தது.

ஹரி பதறிப்போய்ப் பதில் எழுதினான்: 'வயதானவர், பாவம், அலைக்கழிக்க வேண்டாம்.'

'அவள் கல்லூரி மாணவி' என்று பதில் வந்தது. 'வயதானவர் என்று யார் சொன்னது?'

வெள்ளிக்கிழமை காலையில் புது ஸ்கேனும் வந்துவிட்டது. ஊர் உலகத்தில் எல்லாருக்கும் இருப்பதுபோல இடது ஒரு மாதிரி, வலது ஒரு மாதிரி. அடுத்து வந்த ஈமெயிலில் பாராட்டு ஒன்றும் இல்லை. தேவசகாயம் எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

"யாரு பண்ண வேலை இது? டாக்டரு காண்ட்ராக்டையே கேன்சல் பண்றன்றாரு!"

ஹரி வாயைத் திறந்தான். நிரந்தர ஆர்டர் தேவசகாயத்தின் மேசை மேலேயே, பேப்பர்வெயிட்டுக்கு அடியில் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டான்.

"ஓகே போட்டது நான்தான் சார்" என்றாள் கீர்த்தனா.

அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் அவள் டிபன் பாக்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். படியிறங்கும் முன் ஹரியை ஒருமுறை பார்த்தாள். திட்டியிருந்தாலாவது தேவலை. சாயங்காலம் அவனுக்கு ஆர்டர் கைக்கு வந்தது. இத்தனை அசிங்கமான காகிதத்தை அவன் வாழ்க்கையில் தொட்டதில்லை.

சனிக்கிழமை திருவிடந்தைக்குத் தனியாகப் போனான். மாலைக்காரம்மா, "பொண்ணு வரலியா?" என்றாள். மாலை வாங்காமலே திரும்பி, செங்கல்பட்டில் அவள் வீட்டுக்குப் போனான். எல்லாவற்றையும் சொல்லி, காலில் விழவும் தயாராக இருந்தான். பெங்களூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொல்லி அவள் அம்மா கதவைச் சாத்தினார்.

திங்கட்கிழமை, ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற மோசஸ் வந்து கீர்த்தனாவின் சீட்டில் உட்கார்ந்தான்.

"இத்த அழிச்சிட்டுப் புது ஆளுக்குக் குடுக்கச் சொல்லிக்கீறாரு தேவசகாயம். உன் மூளைங்கள இன்னா பண்றது அண்ணாத்த?"

"என் மூளைங்களா?"

"நீ வெட்டறதுக்கு மின்னாடி ஒவ்வொண்ணயும் முழுசா ஒரு காபி எடுத்து வெச்சிகினு இருந்துச்சி அந்தப் பொண்ணு. உன்னுது மட்டும்தான். நீ அவசரக்காரனாம், உனுக்கு ஒரு கஷ்டம் வந்துடக் கூடாதாம். டென்மார்க்கு கூட முழுசா கீது பாரு."

ஹரி எழுந்து வந்து திரையைப் பார்த்தான். "அப்போ... அவ ஓகே போட்டப்ப இத வெச்சுப் பாத்திருக்கலாமே?"

மோசஸ் கீபோர்டைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "நானும் அன்னிக்கு அதத்தான் சொன்னேன், 'நூறு பர்சென்ட்னு ஹரியே சொல்ட்டாரு, அப்புறமும் தொறந்து பாத்தா அவர நம்பலன்னு ஆயிடும்'னுட்டுச்சி."