நாற்பத்தொரு பதிவுகளும் ‘எழுதியாச்சு’ என்றவர்களும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

பொது மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் தலைமைப் பதிவாளராக இருப்பவனும், எதற்கும் விதி எண்ணோடு பேசுவதால் ஊழியர்களால் முதுகுக்குப் பின்னால் ‘உட்பிரிவு’ என்று அழைக்கப்படுபவனும், தங்கள் மனைவியின் தகப்பனுமாகிய நான், ஆறு மாதங்களுக்கு முன் தாங்கள் விடுமுறைக்கு வந்திருந்தபோது என் அலுவலகக் கணினியில் செய்துவிட்டுப் போன ஒரு மாற்றம் குறித்து, நாளை திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் தெளிவான விளக்கம் பெறும் பொருட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். தாங்களும் என் மகளும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் உண்மைக்கு மாறானதை எழுதிக் கையொப்பமிடும் பழக்கம் எனக்கு இல்லாததால் அந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். காகிதத்தில் பேனாவால் எழுதிப் படமெடுத்து அனுப்புவதற்கான காரணம் போகப்போகத் தங்களுக்கே விளங்கும்.

சென்ற செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்று நாற்பதுக்கு மின்சாரம் நின்றது. அவசரத்துக்கென்று வாங்கி வைத்த யூபிஎஸ் ஒருமுறை கீச்சிட்டுவிட்டுத் தானும் அணைந்தது. இருபது நிமிடத்தில் மின்சாரம் வந்தது, கணினியும் எழுந்தது, எல்லாரும் வேலையைத் தொடர்ந்தோம், யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. வியாழக்கிழமை கையில் கட்டுடன் ஒரு தச்சர் என் சாளரத்துக்கு வந்து, செவ்வாயன்று எழுதச் சொன்னதை எழுதினீர்களா என்று கேட்டார். தேடினேன். அவர் வந்ததற்கே பதிவு இல்லை. அதைச் சொன்னேன்.

“நான் வந்தது பதிவாகலையா? அப்ப இந்தத் தையல் என்ன சார், வீட்ல உக்காந்து நானே போட்டுக்கிட்டதா?” என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ஏதோ ஒரு ஊசி எனக்கு ஆகாதுன்னு டாக்டரம்மா கண்டுபிடிச்சாங்க. போட்டா மூச்சு அடைச்சிடுமாம். பேரு வாயில நுழையல. கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுன்னா போதும், நீங்க ஞாபகம் வச்சுக்க வேணாம்னு சொன்னாங்க. நானும் நிம்மதியா மறந்துட்டேன்.”

மாப்பிள்ளை, அவருக்கு வருகிற செவ்வாயன்று விரலில் மறுபடியும் அறுவைச் சிகிச்சை. அந்த மருத்துவரோ பயிற்சிக்காக வெளியூர் போய்விட்டார், அவருடைய கைபேசி அணைந்தே கிடக்கிறது. அன்று கொடுத்த டோக்கன்களை எண்ணினேன்: இருநூற்றுப் பன்னிரண்டு. கணினியில் இருந்தவை நூற்றெழுபத்தொன்று. காலை ஒன்பதரையிலிருந்து மின்சாரம் நின்ற நேரம் வரை நாற்பத்தொரு மனிதர்கள் வந்ததற்கான அடையாளமே இல்லை. மருத்துவர் தரும் சீட்டைப் பதிந்தவுடன் கிழித்துவிட வேண்டும் என்பது விதி, ஆகவே சீட்டுகளும் போயிருக்கும். கண்காணிப்பாளர் விசாரணை வைத்திருக்கிறார். ‘பிழைக்குப் பொறுப்பானவர்’ என்ற கட்டத்தை நிரப்பி நாளை பத்து மணிக்கு நான் கொடுக்க வேண்டும்.

பொறுப்பானவரைத் தேடிப் புறப்பட்டேன். முதலில் மென்பொருள் விற்றவரைக் கூப்பிட்டேன். திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று வருவதற்கு என்ன பொருள் என்று கேட்டேன். “எங்க புரோகிராம் டேட்டாபேஸ்கிட்ட குடுத்துடும் சார். அதோட எங்க கடமை முடிஞ்சுது” என்றார். தரவுத்தளத்தைப் பற்றித் தாங்கள் அன்று எனக்குச் சொன்னதை நான் குறித்து வைத்திருக்கிறேன். அலமாரிக்கு நடந்து போய்வர நேரமாகும் என்பதால் அடிக்கடி வேண்டிய கோப்புகளை மேசையிலேயே வைத்துக்கொள்வதைப் போல, டிஸ்க்கில் உள்ளவற்றின் நகலை அது நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் என்றீர்கள். புதிதாக எழுதுவதும் முதலில் அந்த மேசையில்தான் என்றீர்கள். “ஒவ்வொரு பதிவுக்கும் டிஸ்க்குல எழுதி முடிக்கிற வரைக்கும் டேட்டாபேஸ் காத்துக்கிட்டு நிக்குது மாமா. அந்தக் காத்திருப்பை எடுத்துட்டேன். இனிமே பறக்கும்” என்றீர்கள். பறந்தது. நான் தங்களைப் பாராட்டித் தேநீர் வாங்கிக் கொடுத்ததையும் மறைக்கவில்லை.

இப்போது கேட்டால், தரவுத்தளம் இயங்குதளத்திடம் ஒப்படைத்துவிட்டது என்கிறீர்கள். இயங்குதளமும் தனக்கென ஒரு மேசை போட்டுக்கொண்டு, அதே பக்கத்தின் இன்னொரு நகலை அங்கே வைத்துக்கொண்டு, “எழுதியாச்சு” என்கிறதாம். சரி, டிஸ்க்காவது யோக்கியமாக இருக்கும் என்று எங்கள் பராமரிப்புக்காரரைக் கேட்டேன். முன்பு தண்ணீர்ப் பம்பு பழுது பார்த்தவர், ‘வால்வு’ என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். “டிஸ்க்குக்குள்ளயும் சின்னதா ஒரு மெமரி இருக்கு சார். அதுவும் வாங்கி வச்சுக்கிட்டு எழுதிட்டேன்னுதான் சொல்லும்” என்றார்.

“அப்படியானால் உண்மையில் எழுதுவது யார்?”

“யாராவது எழுதிடுவாங்க சார், கரண்ட் இருந்தா.”

என் பிரிவில் ஓர் ஊழியர் கோப்பை மேசையில் போட்டுவிட்டு ‘அலமாரியில் வைத்தாயிற்று’ என்று சொன்னால் அன்று மாலைக்குள் அவருக்கு மெமோ போகும். இங்கே ஒருவர் பின் ஒருவராக நாலு பேர் அப்படிச் சொல்கிறார்கள், அதற்கு வேகம் என்று பெயர் வைத்து உலகமே கைதட்டுகிறது!

வெள்ளிக்கிழமை நானே திருத்த முற்பட்டேன். வழிகாட்டி நூலை நாற்பது பக்கம் படித்து, தாங்கள் எடுத்த காத்திருப்பை மறுபடி வைத்தேன். வால்வின் துணையுடன் டிஸ்க்கின் சொந்த மேசையையும் மூடினேன். பதிவுகள் நத்தை போல ஊர்ந்தன, வரிசை வாசலைத் தாண்டிச் சைக்கிள் நிறுத்தம் வரை போயிற்று. வேகத்தை வேறு வழியில் மீட்கலாம் என்று யோசித்து, இரண்டு மேசைகளில் ஒரே பக்கத்தின் இரண்டு நகல்கள் இருப்பது வீண் அல்லவா என்று முடிவு செய்து, சனிக்கிழமை காலை நினைவகத்தின் பதினாறு பங்கில் பதினைந்தைத் தரவுத்தளத்துக்கே ஒதுக்கினேன். வால்வு மட்டும், “ஓஎஸ்ஸுக்கு உக்கார இடம் வேணாமா சார்?” என்றார். ஒரு பங்கு போதும், ஒழுங்காக உட்கார்ந்தால் என்றேன். உட்கார இடமில்லாத இயங்குதளம் என்ன செய்தது தெரியுமா? தரவுத்தளத்தின் மேசையில் இருந்தவற்றை அள்ளிக்கொண்டுபோய் டிஸ்க்கில் வைத்துவிட்டது! டிஸ்க்குக்குப் போகக் கூடாது என்பதற்காக நினைவகத்தில் வைத்ததை, நினைவகத்தில் இடமில்லை என்று சொல்லி, டிஸ்க்கில்! பிறகு தரவுத்தளம் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து வந்தது. நாற்பது நிமிடம் திரை அசையவில்லை. சாளரத்தில் நின்ற ஓர் அம்மா, “பேரு என்னன்னு கேட்டுப் பத்து நிமிஷம் ஆச்சு. கேட்டதே மறந்துபோச்சா, இல்ல என் பேரு பிடிக்கலையா?” என்றார். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒதுக்கீட்டைப் பழையபடி மாற்றிவிட்டு, பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தேன்.

வீட்டிலும் அமைதி இல்லை. ‘ஆச்சு’ என்று யார் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. இன்று காலை தங்கள் மாமியாரிடம் அடுப்பை அணைத்தாயிற்றா என்று கேட்டேன். “அணைச்சாச்சு” என்றாள். அணைத்தேன் என்று சொல்கிறாயா, அல்லது உண்மையிலேயே அணைத்தாயா என்று கேட்டேன். “வந்து தொட்டுப் பாருங்க. சுட்டா அணைக்கலன்னு அர்த்தம்” என்றாள். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து ஏழுமுறை எழுந்து நடந்துவிட்டேன். தச்சர் கையை நீட்டிக்கொண்டு படுத்திருப்பது போலவும், யாரோ ஊசியுடன் வருவது போலவும் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

நேற்று தொலைபேசியில் தாங்கள் சொன்ன சமாதானத்தையும் பரிசீலித்தேன். “மாமா, ஓஎஸ் அரை நிமிஷத்துக்கு ஒருதரம் மெமரில இருக்கறத டிஸ்க்குல எழுதிடும். கரண்ட் போனா கடைசில ஒண்ணு ரெண்டு போகலாம். ரெண்டு மணி நேரத்துப் பதிவு போக வாய்ப்பே இல்ல” என்றீர்கள். மன்னிக்கவும், இது தப்பிக்கும் பேச்சு. நாற்பத்தொன்று போயிருக்கிறது, எண்ணியவன் நான். தாங்கள் அத்துடன் போனைத் துண்டிக்காமலே கீழே வைத்துவிட்டீர்கள், உடனே அதை என் மகள் எடுத்தாள்.

“அப்பா, லீவுல தூங்கிட்டிருந்த மனுஷனக் கெஞ்சி எழுப்பிக் கூட்டிட்டுப் போனது யாரு? இப்ப அவர் பேரை எழுதிக் குடுத்தா அவங்க கம்பெனிக்கும் நகல் போகுமாமே. அனுமதியில்லாம ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரத் தொட்டாருன்னு அவரு வேலையே போயிடும். எழுதுறதுன்னா எழுதிக்குங்க. அதுக்கப்புறம் எனக்கு போன் பண்ணாதீங்க.”

‘கெஞ்சி’ என்ற சொல்லை மறுக்கிறேன். கேட்டுக்கொண்டேன், அவ்வளவே. மற்றபடி அவள் சொன்னதில் பிழையில்லை. ஆயினும், உறவினர் என்பதற்காக ஒரு கட்டத்தை வெறுமையாக விடுவதற்கு எந்த விதியிலும் இடமில்லை. தங்களிடமிருந்து ஏற்கத்தக்க விளக்கம் வராவிட்டால், நாளை பத்து மணிக்கு அந்தக் கட்டத்தில் தங்கள் பெயரை, உரிய மரியாதை அடைமொழியுடன், எழுத வேண்டியவனாக இருக்கிறேன்.

தங்களிருவருக்கும் நீண்ட ஆயுளும் குறையாத உடல்நலமும் தடைபடாத மின்சாரமும் வாய்க்க மனமார வாழ்த்துகிறேன். தங்கள் மாமியார் தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள், என் அன்புடன் சேர்க்காமல் தனியாக.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே கையொப்பமிட்டு மை காய்வதற்குள் தொலைபேசி ஒலித்தது. மூன்றாம் சாளரத்துப் பதிவாளர் அம்மா. செவ்வாயன்று மின்சாரம் நின்ற கையோடு பல் வலி தாங்காமல் விடுப்பில் போனவர், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி ஐந்து நாளாகப் பேச்சில்லாமல் இருந்தவர்.

“சார், இன்னிக்குத்தான் வாய் திறக்க வருது. என் டிராயர்ல நாப்பத்தொரு சீட்டு இருக்கு. சாவி என்கிட்டதான். நாளைக்கு வந்து ஏத்திடறேன்.”

 ஏன் அன்றே பதியவில்லை என்று கேட்டேன்.

“நீங்கதான சார் ரெண்டு மாசத்துக்கு முன்னாடி சுற்றறிக்கை போட்டீங்க? கூட்டமா இருந்தா சீட்டை வாங்கி வச்சுக்கிட்டு, பதிவாகிவிட்டதுன்னு சொல்லி ஆளை அனுப்பிடணும், அம்பது சேந்ததும் மொத்தமா ஏத்தணும்னு. கையெழுத்துகூட உங்களுதுதான்.”

“அதை ஒரு தாளில் எழுதியாவது யாரிடமாவது தெரிவித்திருக்கலாமே அம்மா!”

“அம்பது சேரலையே சார்.”

ஆகவே மாப்பிள்ளை, தரவுத்தளமும் இயங்குதளமும் டிஸ்க்கும் தாங்களும் நிரபராதிகள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிவிடும் இயந்திரங்களைப் பொய்யர்கள் என்றேன். ஐம்பது சேரும்வரை எழுதாதே, எழுதிவிட்டேன் என்று மட்டும் சொல் என விதி செய்தவன் நான். கையொப்பமிட்ட ஆவணத்தைக் கிழிப்பது முறையல்ல என்பதால் கடிதத்தை அப்படியே அனுப்புகிறேன். வாழ்த்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைப் படிக்காததாகக் கருதவும். என் மகளிடம் சொல்லிவிடுங்கள், நான் போன் பண்ணுவேன். இப்போது அந்த அம்மா வீட்டுக்குப் போய்ச் சாவியை வாங்கி, தச்சரின் சீட்டை முதலாவதாகவும் மற்ற நாற்பதைப் பின்னாலும் என் கையாலேயே பதிந்து, அந்த ஊசியின் பெயரை அறுவை அரங்கிலும் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டு, நேரே கண்காணிப்பாளர் வீட்டு வாசலில் நிற்கப்போகிறேன். படிவத்தில் என் பெயர் இருக்கும். “சரி, வச்சுட்டுப் போங்க, பாத்துக்கலாம்” என்பார். வைத்துவிட்டு வரமாட்டேன், படித்தேன் என்று அவர் கையொப்பம் இடும்வரை அங்கேயே காத்திருப்பேன்.