ஊசி குத்தாத முகாம்

ஒரு காட்டில் எல்லாருக்கும் தங்களுக்கு இதயம் என்று ஒன்று இருப்பது திடீரென்று ஞாபகம் வந்தது. புலி ராஜா இலவச முகாம் அறிவித்ததுதான் காரணம். "ஊசி கிடையாது, ரத்தம் எடுக்கிறது கிடையாது, ரத்தக்குழாய் எப்படி இருக்குன்னு வெளியில இருந்தே சொல்லிடுவோம்" என்று நரி மரத்துக்கு மரம் போய்க் கத்தியது. அதுவரை ரத்தப் பரிசோதனை செய்து பிழைத்துவந்த அட்டைகள் மட்டும் முகாமைக் கண்டித்துக் கோஷம் போட்டன.

காட்டுப்பன்றி சடையப்பனுக்குப் போக இஷ்டமில்லை. அவனுடைய அப்பா பலாப்பழம் தின்றுகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். அன்றிலிருந்து சடையப்பனுக்குச் சாவென்றால் பயம். பயம் வந்தால் பசிக்கும். இப்படித்தான் அந்த உடம்பு வந்தது.

"பக்கத்துப் புதர் மான் அண்ணனைப் பாருங்க" என்றாள் மனைவி வடிவு. "விடிஞ்சா ஓட்டம், அருகம்புல்லு, உப்பைத் தொடறதே இல்ல. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இத்தனை குட்டிகளோட நான் எங்கே போவேன்?" அவள் அழ ஆரம்பித்ததும் அவன் கிளம்பிவிட்டான்.

முகாமில் ஏற்பாடு பலமாகத்தான் இருந்தது. வருகிறவரின் முன்காலை மலைப்பாம்பு சுற்றி இறுக்கும். கால் மரத்துப்போனதும் விடும். அடைபட்ட ரத்தம் ஒரேயடியாகப் பாயும்போது நல்ல குழாய் விரிந்து வழிவிடும். விரிகிறதா என்று தலைகீழாகத் தொங்கும் வௌவால், யார் காதுக்கும் கேட்காத சத்தம் ஒன்றைப் போட்டுக் கண்டுபிடிக்கும். பாவம், மலைப்பாம்புக்குத்தான் கஷ்டம். அதன் பரம்பரையில் இறுக்கினவனை விட்ட வழக்கமே கிடையாது. ஒவ்வொரு தடவையும் நரி அதன் வாலைத் தட்டி, "போதும், விடு" என்று சொல்லவேண்டியிருந்தது.

சடையப்பன் காலை நீட்டினான். பாம்பு இறுக்கியது, விட்டது. கத்திக் கத்திப் பார்த்ததில் வௌவாலுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"அசையவே இல்லையே" என்றது.

"மோசம். வீட்டுக்குப் போ" என்றது நரி.

"மருந்து ஏதாவது...?"

"அதெல்லாம் இங்கே தரமாட்டோம்."

பின்னால் நின்ற பக்கத்துப் புதர் மான் ஞானவேல், "வாயைக் கட்டணும் தம்பி" என்று உபதேசம் செய்துவிட்டுக் காலை நீட்டினார். வௌவாலுக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. "என்னமா விரியுது! இது கன்னுக்குட்டியோட குழாய்!" நரி உடனே மாலை போட்டது. "ராஜா நேர்ல பாராட்டணுமாம். பாறைக்குப் பின்னால வாங்க. பாம்பும் கூட வரட்டும், இன்னொரு தடவை சரிபார்த்துக்கலாம்."

சடையப்பன் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதான். வடிவின் முகத்தில் எப்படி விழிப்பது? நரி திரும்பி வந்ததும் ஓடிப்போய்க் காலைப் பிடித்தான். "அண்ணே, பார்த்துச் செய்யுங்கண்ணே. எனக்கும் நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க."

"ராஜாவைத்தான் கேக்கணும்" என்று நரி நடந்தது. சடையப்பனும் பின்னாலேயே போனான்.

பாறைக்குப் பின்னால் மாலை கிடந்தது. பக்கத்தில் கொம்பு கிடந்தது. இந்தத் தடவை பாம்பின் வாலை யாரும் தட்டவில்லை போலிருக்கிறது. ராஜா மென்றுகொண்டிருந்தார்.

"சப்புன்னு இருக்குடா. என்ன செய்ய, கொழுப்பே தொடக்கூடாதுன்னுட்டார் ஆந்தை டாக்டர்" என்று சலித்துக்கொண்டவர், சடையப்பனைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினார். நாக்கு வெளியே வந்தது. "பன்றியா! எத்தனை நாளாச்சு! ஒரே ஒரு துண்டு தின்னா என்ன ஆகிடப்போகுது?"

"டாக்டர் திட்டுவாரே ராஜா" என்றது நரி.

"பகல்ல அவர் தூங்குவார்" என்று ராஜா எழுந்தார்.

சடையப்பனுக்கு உயிர் மேலிருந்த ஆசை வாயைத் திறந்துவிட்டது.

"ராஜா, என் குழாய் இம்மிகூட விரியலீங்க! எங்கப்பா நெஞ்சடைச்சுத்தான் போனாரு! எங்க தாத்தாவும்தான்!" தாத்தா பள்ளத்தில் விழுந்து செத்தவர், அதையெல்லாம் பார்க்கிற நேரமா அது? "உப்பு மண்ணை நக்காட்டி எனக்குத் தூக்கம் வராதுங்க! மேட்டுல ஏறினா மூச்சு வாங்கும்! நடக்கிறதே இல்ல! வீட்டுல ஓயாத சண்டை, மனசுல நிம்மதியே கிடையாது!"

ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க ராஜா பின்வாங்கினார். கடைசியில் தன் நெஞ்சையே பிடித்துக்கொண்டார். "போதும்டா! எனக்குப் படபடன்னு வருது. இந்த விஷத்தை முதல்ல இங்கிருந்து கூட்டிட்டுப் போ!"

சடையப்பன் வீடு வந்து சேர்ந்தபோது குட்டிகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. வடிவு வாசலுக்கு ஓடிவந்தாள். "என்ன சொன்னாங்க?"

அவன் குட்டிகளை ஒவ்வொன்றாக அள்ளி அணைத்துக்கொண்டான். அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"உட்காருங்கடா கண்ணுங்களா" என்றான். "இனிமே இந்த வீட்டுல யாரும் ஓடக்கூடாது."

நீதி: நம் உடம்பின் மேல் பெரியவர்களுக்குத் திடீரென்று அக்கறை வந்தால், அவர்களை டாக்டர் என்ன சாப்பிடச் சொல்லியிருக்கிறார் என்று முதலில் விசாரிக்க வேண்டும்.