விசில் அண்ணன் போட்ட துண்டு

மனுஷனுக்கு வருகிற அத்தனை கஷ்டத்துக்கும் பஸ்தான் மருந்து என்று மனதார நம்பிய ஒரே ஆள், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் விசில் அண்ணன்தான். வீட்டில் சண்டையா, வயிற்றில் வாயுவா, கையில் காசில்லையா, ஆபீசில் கெடுபிடியா, எதைச் சொன்னாலும் காது கொடுத்து முழுசாகக் கேட்பார். கேட்டு முடித்ததும் ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லி, "போயிட்டு வா, சரியாப் போகும்" என்பார்.

எண்பதுகளில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு அவர்தான் டைம் கீப்பர். நேரமானதும் விசில் ஊதி பஸ்ஸை விரட்டுவது வேலை. சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். கேட்டவர் யாரும் இல்லை. பேசும்போதும் விசிலை வாயோரத்திலிருந்து எடுக்க மாட்டார். கோபம் வந்துவிட்டால் சொல்லுக்குச் சொல் 'கீச்' என்று சத்தம் வரும். திட்டு வாங்குகிற டிரைவரே சிரித்துவிடுவார்.

கல்யாணம் தள்ளிப்போகிறது என்று வந்தவருக்குப் பழனி பஸ். கைச்செலவுக்குத் தட்டுப்பாடு என்றால் டவுன் பஸ்ஸே போதும். பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரருக்கு வாயுத் தொல்லை. "கன்னிவாடி பஸ்ல கடைசி சீட்டுல உக்காந்து போயிட்டு வாப்பா. நடுவுல எந்திரிக்கப்படாது" என்றார் அண்ணன். அந்த ரோடு அன்றைக்கு இருந்த லட்சணத்தில், கடைசி சீட்டுக்காரர் பாதி நேரம் அந்தரத்தில்தான் இருப்பார். திரும்பி வந்த டீக்கடைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"வாயு என்னாச்சு?"

"அது போயிருச்சுண்ணே. இப்ப இடுப்புல்ல போச்சு!"

"இடுப்புக்கு நல்ல ரோடு வேணும். நாளைக்கு மதுரை பஸ்ல ஏறு."

சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் எனக்கும் ஒரு வைத்தியம் அவர் செய்திருக்கிறார். அப்போது எரியோடு பக்கம் ஒரு நூல் மில்லில் நான் கிளார்க். மேனேஜர் செருமினாலே எழுதிய கணக்கை அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவேன். இதைச் சொன்னதும் அண்ணன், "அவரு போற பஸ்லயே போ தம்பி. முந்தியே ஏறி சீட்டைப் பிடிச்சு உக்காரு. அவரு நிக்கட்டும்" என்றார்.

நம் ஊரில் நின்றுகொண்டு வருகிறவர், உட்கார்ந்திருப்பவர் மடியில் சாமான்களைக் கொடுத்துவிடுவது வழக்கம். யார், என்ன என்று முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. மேனேஜரும் அப்படித்தான் குடை, பை, தூக்குவாளி எல்லாவற்றையும் என் மடியில் இறக்கினார். வாளி மூடி சரியில்லை. எரியோடு போவதற்குள் என் வேட்டியில் குழம்பு வடிந்தது. வாசனையிலேயே தெரிந்துவிட்டது, முந்தின நாள் வைத்த புளிக்குழம்பு. இவர் வீட்டிலும் பழசுதானா என்று நினைத்த நிமிஷமே என் பயம் போய்விட்டது. அதற்கப்புறம் அவர் செருமினால் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

ஆனால் பெரிய கண்டம் வீட்டில் காத்திருந்தது. கல்யாணம் ஆன புதிது. மனைவி சின்னாளபட்டி தறி வீட்டுப் பெண். திண்டுக்கல்லில் தண்ணீர்ப் பஞ்சம். தெருக் குழாயில் வரிசையில் குடத்தை வைத்து இடம் பிடிக்க வேண்டும். அவளுடைய அப்பா, அம்மா விருந்துக்கு வரும் நாளில் அந்த வேலையை என்னிடம் கொடுத்தாள். நான் குடத்தை வைத்துவிட்டு, ஆள் எதற்கு என்று டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் குடம் வரிசையில் கடைசியில் கிடக்கிறது, குழாயில் காற்று வருகிறது. மாமனார், மாமியாருக்குக் கை கழுவப் பக்கத்து வீட்டில் கடன் தண்ணீர்.

"குடத்தை வச்சா போதுமா? ஆளு நிக்க வேணாமா?" என்றாள்.

"இம்புட்டுத் தண்ணிக்கு இம்புட்டுப் பேச்சா?" என்றேன் நான்.

பேச்சு வளர்ந்தது. அன்று சாயந்திரம் அவளும் அவர்களோடு சின்னாளபட்டி பஸ் ஏறிவிட்டாள். அவள் வரட்டும் என்று நான்; வந்து கூப்பிடட்டும் என்று அவள். ஓட்டல் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு வருவேன். வீட்டில் காலிக் குடங்களைப் பார்த்தால் அழுகை வந்தது. அவள் வராமலே போய்விடுவாளோ என்று நிஜமாகவே பயந்தேன். ஆனாலும் போகக் கால் வரவில்லை.

"சின்னாளபட்டி பஸ்ல ஏறு" என்றார் விசில் அண்ணன்.

"முடியாதுண்ணே."

"நீ ஏறாட்டிப் போ. நான் இடம் போட்டு வைக்கிறேன்."

சொன்னபடியே செய்தார். தினமும் சாயந்திரம் சின்னாளபட்டி பஸ் வந்து நின்றதும், தன் பச்சைக்கரைத் துண்டை ஜன்னல் வழியாக ஒரு சீட்டில் போடுவார். "ஆளு வருது! தறிக்காரரு மருமகனுக்கு இடம்!" என்று ஊருக்கே கேட்கக் கத்துவார். நான் டீக்கடைக்குப் பின்னால் ஒளிந்து நிற்பேன். நேரமானதும் விசில் ஊதிவிடுவார். நெரிசலில் நசுங்குகிறவர்கள், "எங்கய்யா ஆளு?" என்று சண்டைக்குப் போவார்கள். அண்ணன் சொல்லைத் தட்ட முடியாத கண்டக்டர் காலி சீட்டைக் காவல் காத்துக்கொண்டு போவார். சின்னாளபட்டி ஸ்டாப்பில் இதை வேடிக்கை பார்க்கவே கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டதாம். "இன்னைக்கும் மருமகன் வரலை, துண்டுதேன் வந்திருக்கு" என்று செய்தி தறிக்குத் தறி போய், மாமனார் தெருவில் தலைகாட்டுவதையே விட்டுவிட்டார்.

"அண்ணே, மானம் போகுது, நிறுத்துங்க" என்று கெஞ்சினேன்.

"எனக்கு பஸ்ஸைக் கெளப்பத்தான் தெரியும் தம்பி. நிறுத்தறது டிரைவர் வேலை."

கடைசியில் ஒரு சாயந்திரம் என் வீறாப்பு தீர்ந்தது. சவரம் செய்து, சட்டை மாற்றி, மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அன்றைக்கும் துண்டோடு போயிருந்த சின்னாளபட்டி பஸ் திரும்பி உள்ளே வந்து நின்றது. ஏறப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு கையில் பெட்டி, மறு கையில் பச்சைக்கரைத் துண்டு, அவள் இறங்கி வருகிறாள். அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்து வந்திருக்கிறாள். வழியில் ஒரு பெரியவர், "இது ஆம்பளைங்க சீட்டும்மா" என்றாராம். "தெரியும் தாத்தா. எங்க வீட்டு ஆம்பளை சீட்டுதேன் இது" என்றாளாம்.

என் எதிரில் வந்து துண்டை நீட்டினாள். "துண்டு வந்தா போதுமா? ஆளு வர வேணாமா?"

"வரத்தான் கெளம்பினேன்" என்று பூவைக் காட்டினேன். நம்பினாளோ இல்லையோ, வாங்கி வைத்துக்கொண்டாள். விசில் அண்ணன் ஊதினார் பாருங்கள் ஒரு விசில், நேரமாகாத பஸ்கள்கூட ஸ்டார்ட் ஆகிவிட்டன.

"நீங்களும் ஒரு நாள் பஸ் ஏறி எங்க ஊருக்கு வரணும்ணே. கறியும் வெஞ்சனமுமா விருந்து வைக்கிறோம்" என்று அவள் அழைத்தாள். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "பாப்போம்மா" என்று நழுவினார். டீக்கடைக்காரர்தான் என் காதில் சொன்னார்: "அவருக்கு பஸ் ஆகாதுப்பா. ஏறுனா ஊர் எல்லை தாண்டுறதுக்குள்ள வாந்தி. வீட்டுக்கே சைக்கிள்லதான் போறாரு."

அப்புறம் நாங்கள் ஊர் மாறிப் போகிறவரை குழாயடியில் குடத்துக்குப் பக்கத்திலேயே நான் நின்றேன். கிளம்பிய அன்றைக்கும் எங்களுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்தது விசில் அண்ணன்தான். திருப்பிக் கொடுத்தபோது, "வச்சுக்க தம்பி, ஆகும்" என்றார்.

வைத்திருக்கிறோம், கரை வெளுத்துவிட்டது. பஸ் ஏறினால் பக்கத்தில் இருக்கும் காலி சீட்டில், அண்ணன் நினைவாக அதைச் செத்த நேரம் போட்டு வைப்பேன். யாராவது கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொல்லிவிடுவாள்: "ஆளு வருது."