கோபுரத்தில் ஏறிய கல்

பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி கொடுப்பார்கள், கேசரி கொடுப்பார்கள். திண்டிவனத்தில் ஜெனித்துக்குக் கணக்கு கொடுத்தார்கள்.

“சார், நாளைக்கு டெஸ்ட்டு. இத மட்டும் போட்டுக் குடுங்களேன்” என்று பேப்பரை நீட்டினாள் பெண்ணின் தங்கை ஆஷ்லின். பிளஸ் ஒன் படிக்கிறாள்.

ஜெனித் விழுப்புரத்தில் மருந்து ரெப். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்த கையோடு அதை மறந்தும் விட்டான். எப்படியாவது நழுவியிருப்பான், அவன் அம்மா இருதயமேரி முந்திக்கொண்டாள்.

“எம்புள்ள பிசிக்ஸ்ல புலி. ஜல்தியா போட்டுக் குடுத்துடுவான்.”

காபி கொண்டுவந்த அமல்ராணியை அவனுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிருந்தது. அவள் கதவோரம் நின்று கவனித்தாள். புலி பேனாவைத் திறந்தது.

இருபத்தைந்து மீட்டர் கோபுரத்தின் உச்சியிலிருந்து, நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் ஒரு கல் நேர் மேலே எறியப்படுகிறது. தரைக்கு வர எத்தனை நொடி? புவியீர்ப்பு முடுக்கம் பத்து.

“கோபுரத்து மேல ஏறி எவன் கல்லு வுட்டான்?” என்று கோபப்பட்டார் பெண்ணின் அப்பா சின்னப்பராஜ்.

ஜெனித் சூத்திரத்தில் எண்களைப் போட்டான். மைனஸ் நான்குக்கு வர்க்கமூலம் கேட்டது. அப்படியானால் கல் கீழே வரவே வராது.

“இன்னும் மேலயே நிக்கிதா தம்பி?” என்றார் சின்னப்பராஜ் கவலையோடு.

அவசரமாக முடுக்கத்தின் மைனஸைப் பிளஸ் ஆக்கினான். விடை ஒரு நொடி. அப்பாடா!

ஆஷ்லின் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, “மேல போவவே ரெண்டு செகண்டு ஆவுமே சார்?” என்றாள்.

கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தான். மிச்சமிருந்த குறியையும் மாற்றினான். மறுபடியும் மைனஸ் நான்கு. கல் மறுபடியும் வானத்துக்குப் போய்விட்டது.

“புக்குல அஞ்சு செகண்டுன்னு போட்டிருக்குது சார்.”

“புக்கு தப்புன்னு சொல்லிடுடா” என்று காதைக் கடித்தாள் இருதயமேரி.

சொல்லிவிடலாம்தான். ஆனால் ஆஷ்லின் நாளைக்கு அதையே நம்பித் தப்பாக எழுதித் தொலைத்தால்?

“எனக்கு வரலம்மா. எல்லாம் மறந்துபோச்சு. புக்குல இருக்கறதுதான் சரியா இருக்கும். உங்க டீச்சர்கிட்ட கேட்டுக்கோ.”

சம்பந்தம் போயிற்று என்று தெரிந்தும் அவனுக்கு மனசு லேசானது. இருதயமேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“பேஜாரு பண்ணிட்டியேடா!”

கதவோரம் அமல்ராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு தங்கையைப் பார்த்துத் தலையாட்டினாள். ஆஷ்லின் பேப்பரை வாங்கி மடித்தாள்.

“நான் காமர்ஸ் குரூப்பு மாமா. இது அக்கா வைக்கிற டெஸ்ட்டு. உங்களுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாரும் புக்குதான் தப்புன்னு சொல்லிட்டுப் போனாங்க!”